பதினான்கு படிவங்கள்

செப்டம்பர் 2

மாணவர் ஆய்வுத் திட்டத்துக்குத் தேர்வான குழுக்களின் பட்டியலைச் சமூக மருத்துவத் துறை வாசலில் ஒட்டிவிட்டார்கள். குழுவுக்கு இருவர். என் பெயருக்குப் பக்கத்தில் ஜெனோவாவின் பெயர்.

எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி இல்லை. ஜெனோவா என் விடுதி அறைத்தோழி. உடன்குடிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. குரல் பெரிது. அம்மா ஈரோட்டிலிருந்து அனுப்பும் முறுக்கு டப்பாவை என்னைக் கேட்காமலே திறப்பாள். நல்லவள்தான். ஆனால் முதலாண்டில் பயோகெமிஸ்ட்ரியை இரண்டாவது முயற்சியில் தாண்டியவள். நான் அதே ஆண்டில் கல்லூரியிலேயே முதலிடம். சீட்டுக் குலுக்கிப் போட்டார்களாம், யாரைச் சொல்ல?

வேலை இதுதான்: அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் கர்ப்பிணிகள் உண்மையிலேயே சாப்பிடுகிறார்களா? நான்கு கிராமங்களில் நூற்றிருபது பெண்கள். வீட்டுக்கே போய், அட்டையில் மீதியிருக்கும் மாத்திரைகளை எண்ண வேண்டும். கண்ணின் கீழிமையை இழுத்து, ரத்தக்குறைவால் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளுப்பு தெரிந்தால் அன்றைக்கே அந்த ஊர்ச் செவிலியரிடம் சொல்ல வேண்டும். ஆளுக்கு அறுபது பேர். டிசம்பர் 31-க்குள் அறிக்கை. வழிகாட்டி டாக்டர் தமயந்தி.

இந்த ஆண்டுக்கான அட்டவணை தயார். பத்தாலஜி சிவப்பு, மைக்ரோபயாலஜி பச்சை, பார்மகாலஜி நீலம். ஆய்வுக்குப் பென்சில்.

செப்டம்பர் 14

முதல் வீடுகள். நான் நான்கு பெண்களை முடித்துவிட்டு வந்து பார்த்தால் ஜெனோவா இன்னும் முதல் வீட்டிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐம்பது நிமிஷம் ஆச்சு. கேள்வி பதினொண்ணுதான் இருக்கு" என்றேன் பஸ்ஸில்.

"மாத்திரைய எதுக்கு முழுங்கலன்னு கேக்க வேண்டாமா? படிவத்துல அந்தக் கேள்வியே இல்லியே."

படிவத்தின் பின்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக எழுதியிருந்தாள். 'காலையில் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. டீ குடிக்கும்போது சேர்த்துப் போடுகிறாள். வீட்டுக்காரர் கேரளாவில். தனியாக இருக்கப் பயம்.' இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள்?

செப்டம்பர் 27

முதல் உள்தேர்வு முடிவு. பார்மகாலஜியில் எனக்கு 81. ஜெனோவாவுக்கு 38.

மூன்று உள்தேர்வுகளின் சராசரி ஐம்பது இருந்தால்தான் பல்கலைக்கழகத் தேர்வு எழுத விடுவார்கள். இல்லாவிட்டால் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அவள் விடைத்தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மெஸ்ஸில் இரண்டு தோசை கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு என்னிடம் வந்து, "ஏட்டி வாணி, எனக்குச் சொல்லித் தருவியா? வெக்கத்த விட்டுக் கேக்கேன்" என்றாள்.

தினமும் காலை ஆறு முதல் ஏழு வரை என்று அட்டவணையில் சேர்த்துவிட்டேன். ஊதா நிறம்.

அக்டோபர் 9

ஜெனோவாவுக்குச் சொல்லிக்கொடுப்பது கடினம். பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னால், "இத முழுங்குனா அந்த ஆளுக்கு உள்ள என்ன நடக்கும்?" என்பாள்.

இன்று புரோபிரனலால் என்ற பிரஷர் மருந்தை நடத்தினேன். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவள் மாமாவுக்கு இழுப்பு உண்டாம். ஒரு தடவை யாரோ பிரஷருக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்து, ராத்திரியெல்லாம் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்தே இருந்தாராம். "அது இதுதானா?" என்று கேட்டாள். மாத்திரையின் நிறம், அளவு என்று நினைவிருந்ததையெல்லாம் சொல்லி, அதுவாக இருக்கலாமா என்று நோண்டி நோண்டிக் கேட்டாள். ஒரு மணி நேரத்தில் ஒரே மருந்து. ஆனால் அந்த ஒன்றை அவள் இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாள்.

நான் அந்தப் பட்டியலைச் சென்ற மாதமே முழுதாக ஒப்பித்தவள். அதில் ஒரு ஆள் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறுவது எனக்கு இதுவரை தெரிந்ததில்லை.

அக்டோபர் 25

படிவக் கணக்கு: நான் 41. ஜெனோவா 33. அவள் ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் பூசை முடிந்து நேரே கிராமத்துக்குப் போகிறாள்.

நவம்பர் 12

ஜெனோவா அறுபதையும் முடித்துவிட்டாள். எனக்குப் பதினான்கு பாக்கி. எல்லாமே வடலிக்குளத்தில். சளி, மைக்ரோபயாலஜி செய்முறை, பிறகு அம்மா வந்து இரண்டு நாள் தங்கியது என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. இருபதாம் தேதி இரண்டாம் உள்தேர்வு.

"நானும் கூட வாரேன், சேந்து முடிச்சிருவோம்" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் படிக்க வேண்டும்.

நவம்பர் 18

மழை விடவில்லை. தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போவதால் வடலிக்குளம் பஸ் ஓடவில்லை என்று மெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். காலையில் பார்மகாலஜி திருப்புதல், எட்டுப் பாடங்கள். மாலைக்குள் மீதிப் பதினான்கு படிவங்களும் முடிந்தன.

ஜெனோவா நனைந்துகொண்டே வந்தாள். "இந்த மழையிலயா போன? எப்படிட்டி?" என்று கேட்டாள். ஷேர் ஆட்டோ என்றேன். அவள் தன் துண்டை எடுத்து என் தலையைத் துவட்ட வந்தாள். தலை காய்ந்துதான் இருந்தது. "சீக்கிரம் காஞ்சிட்டே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பர் 30

பார்மகாலஜி இரண்டாம் உள்தேர்வில் எனக்கு 84. ஜெனோவாவுக்கு 46. அம்மா போனில், "ரெண்டாவது யாரு சாமி? எத்தனை வித்தியாசம்?" என்று கேட்டாள். மூன்று மார்க்.

ஜெனோவா சுவரில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள். அதில் 66 என்று மட்டும் எழுதியிருக்கிறது. மூன்றாவது தேர்வில் அவளுக்குத் தேவையான மார்க்.

டிசம்பர் 8

ஜெனோவா படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். "கடைசிப் பதினாலும் எம்புட்டு சுத்தமா இருக்கு. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. என்னோடதப் பாரு, கோழி கிளறுன மாதிரி" என்றாள்.

எனக்குத் தலைவலி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

டிசம்பர் 18

இன்று எழுத முடியவில்லை.

டிசம்பர் 19

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்றுக் காலை எங்களுக்கு மகப்பேறு வார்டில் பயிற்சி. வார்டுக்குள் நுழைந்தபோது ஒரு பெண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஏழாம் மாதம். பீடி சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். உதடும் நகமும் காகிதம் போல இருந்தன. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 5.8. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். பேர் முப்பிடாதி, ஊர் வடலிக்குளம் என்று நர்ஸ் கேஸ் தாளில் எழுதினார்.

ஜெனோவா என்னைப் பார்க்கவில்லை. பைக்குள்ளிருந்து எங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். எண் 112. முப்பிடாதி, வயது 23. மீதி மாத்திரை நான்கு. ஒழுங்காகச் சாப்பிடுகிறார். கீழிமை: வெளுப்பு இல்லை.

ரத்தம் ஏற ஆரம்பித்த பிறகு ஜெனோவா அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "அக்கா, போன மாசம் மாத்திரை எண்ணிப் பாக்க யாரும் வீட்டுக்கு வந்தாவளா?"

"யாரும் வரலியே. அப்பம் ரோடே கெடையாதுல்லா."

வெளியே, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"பதினாலுமா?" என்றாள்.

"பதினாலும்."

"ரூமுல உக்காந்தா?"

"ஆமா."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மழை, பரீட்சை, ஒரு மார்க் கூடப் போகக்கூடாதுன்னு..." என்று நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அப்பம் மீதிப் பதிமூணு பேரு?" என்றாள். "அவளுவ கண்ணையும் யாரும் பாக்கலியே. கெளம்பு."

"இன்னும் நாலு நாள்ல பரீட்சை ஜெனோவா. உனக்கு அறுபத்தாறு வேணும்."

"எனக்குத் தெரியாதா? பஸ்ஸு ஒண்ணேகாலுக்கு. வாரியா இல்லியா?"

நேற்று ஐந்து வீடு. இன்று நான்கு. ஒருத்திக்குக் கீழிமை வெள்ளை வெளேரென்று இருந்தது. ஜெனோவா செவிலியருக்கு அங்கிருந்தே போன் செய்து, அவர் வந்து சேரும்வரை அந்த வீட்டு வாசலை விட்டு நகரவில்லை. நான் என் படிவத்தில் அந்தப் பெண்ணுக்கு மீதி மாத்திரை இரண்டு என்று எழுதியிருந்தேன். அவள் வீட்டில் அட்டை பிரிக்கப்படாமலே இருந்தது.

பஸ்ஸில் ஜெனோவா பார்மகாலஜி நோட்டை மடியில் விரித்து வைத்திருந்தாள். நான் கேள்வி கேட்டேன், பதில் சொன்னாள். வேறு எதுவும் என்னிடம் பேசவில்லை.

டிசம்பர் 20

மீதி நான்கு வீடுகளும் முடிந்தன. இன்னொரு பெண்ணுக்கும் வெளுப்பு. அவளையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம். முப்பிடாதியையும் சேர்த்தால் பதினான்கில் மூன்று பேர்.

விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜெனோவா தானாகவே பேச்செடுத்தாள். "நாளைக்கு தமயந்தி மேம்ட்ட போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

"சொன்னா ப்ராஜெக்டே போயிரும். உன்னோட அறுபது வீடும் போயிரும்."

"போனா போட்டும்."

பிறகு, "நான் அழுவேன்னு பாக்காத. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டிசம்பர் 21

டாக்டர் தமயந்தியிடம் சொன்னேன். அதிர்ந்து பேசாதவர். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார்.

"முதல் ரேங்க் வாங்குற பொண்ணு நீ" என்றார்.

"ஆமா மேம்."

"அதுக்காகத்தான் செஞ்சியா?"

பதினான்கு படிவங்களையும் அவர் மேசை மேல் வைத்தேன்.

என் பெயரை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார். படிப்பு முடியும்வரை அந்தத் துறையில் எனக்கு ஆய்வு கிடையாது. டீனுக்குக் கடிதம் போகும். பிறகு ஜெனோவாவைக் கூப்பிட்டனுப்பினார். போலிப் பதினான்கையும் நீக்கிவிட்டு, புதிதாக எடுத்ததைச் சேர்த்து, நடந்ததை அறிக்கையிலேயே எழுத வேண்டும். அவள் பெயரில் சமர்ப்பிக்க ஒரு மாதம் கூடுதல் அவகாசம் கேட்டுத் தருகிறேன் என்றார். முப்பிடாதி வந்த விவரத்தையும் பதிமூன்று வீடுகளுக்கும் போய்வந்ததையும் ஜெனோவா சொன்னபோது, மேம் மூடியைக் கழற்றுவதை நிறுத்தினார்.

"உனக்கு நாளைக்குப் பரீட்சை இல்லையாம்மா?"

"இருக்கு மேம்."

டிசம்பர் 22

தேர்வு. ஜெனோவா கடைசி மணி அடிக்கும்வரை எழுதினாள்.

ஜனவரி 2

முப்பிடாதிக்கு மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியாயிற்று. உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டீனின் அறையில் அரை மணி நேரம் நின்றதைவிட அவள் கட்டிலருகே போய் நிற்பதற்குத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. ஜெனோவா வரவில்லை. அவளை வரச்சொல்லி நான் கேட்கவும் இல்லை.

"போன மாசத்துக்கு முந்தின மாசம் நான் உங்க வீட்டுக்கு வந்திருக்கணுங்க. வரலை. வந்த மாதிரி எழுதி வச்சுட்டேன். அப்ப வந்து பார்த்திருந்தா உங்களுக்கு இவ்வளவு தூரம் ஆகியிருக்காது."

அவள் இட்லியைத் தட்டில் வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிராதிய. அவரு சண்டைக்கு வந்திருவாரு" என்றாள். அப்புறம், "இத ஏன் எங்கிட்ட சொல்லுதிய? எனக்குத் தெரியவா போவுது?" என்றாள்.

"தெரியணுங்க."

"கோவமாத்தான் வருது" என்றாள் முப்பிடாதி. "நீங்க இப்பம் போங்க. நாளைக்கு வாங்க."

நாளைக்குப் போக வேண்டும்.

ஜனவரி 3

போனேன். மாத்திரையை எப்போது போடலாம், டீயோடு ஏன் கூடாது என்று கேட்டாள். டீயோடு போட்டால் சத்து உடம்பில் சேராது என்று விளக்கினேன். அவள் கேட்ட எதற்கும் அவசரப்படாமல் பதில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் நான் எழுந்தபோது, "இன்னொண்ணு" என்று மறுபடி உட்காரவைத்தாள். வார்டை விட்டு வெளியே வந்தபோது மணி பார்த்தேன். ஐம்பத்தைந்து நிமிடம்.

ஜனவரி 6

மூன்றாம் தேர்வு முடிவு. ஜெனோவாவுக்கு 61.

38, 46, 61. எத்தனை தடவை கூட்டினாலும் சராசரி நாற்பத்தெட்டு சொச்சம்தான். அந்த மூன்று நாள் அவளிடம் இருந்திருந்தால் ஐந்து மார்க் ஒரு பொருட்டா? எனக்கு 79, யார் முதலிடம் என்று நான் பார்க்கவில்லை.

அவளிடம் சொல்லாமல் பார்மகாலஜி தலைமைப் பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். என்னால்தான் அவள் படிப்பு கெட்டது, ஐந்து மார்க் பாருங்கள் சார் என்று கேட்டேன். மார்க் போட முடியாது, ஐம்பதுக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் பத்தொன்பதாம் தேதி மறுவாய்ப்புத் தேர்வு உண்டு, அதை எழுதச் சொல் என்றார்.

விஷயம் ஜெனோவாவுக்குத் தெரிந்துவிட்டது. இதெல்லாம் வெளிவந்த பிறகு முதல் தடவையாக என்னிடம் கத்தினாள்.

"எனக்காவ எவன்ட்டயும் போய்க் கெஞ்சாத! நான் அவளுவளப் பாக்கப் போனதுக்குக் கூலியா கேட்டேன்? தெரிஞ்சேதான் போனேன். அத நீ அஞ்சு மார்க்காக்கிட்டு வந்து நிக்க!"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, என் மேசை மேலிருந்த பார்மகாலஜி புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "நாளைக்குக் காலைல ஆறு மணி. எந்திரிச்சிருவல்லா?"

ஜனவரி 15

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. அம்மாவுக்குக் கோபம். எல்லாவற்றையும் போனில் சொன்னேன். "நான் மார்க்கு மார்க்குன்னு கேட்டதுனாலயா சாமி?" என்றாள். இல்லை அம்மா என்றேன். அது முழு உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அம்மா படிவம் நிரப்பவில்லை, நான்தான் நிரப்பினேன்.

ஜெனோவா காலையில் பார்மகாலஜி படிக்கிறாள், மதியம் அறிக்கை எழுதுகிறாள். எழுதும்போது நான் அறைக்கு வெளியே போய்விடுகிறேன். அது இப்போது என்னுடையது இல்லை.

ஜனவரி 24

மறுவாய்ப்புத் தேர்வில் ஜெனோவாவுக்கு 63. ஐம்பது இருந்தால் போதும். சுவரிலிருந்த 66-ஐக் கிழித்துவிட்டு, வராந்தாவில் போவோர் வருவோரையெல்லாம் பிடித்து என் முறுக்கைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டப்பா காலி.

பிப்ரவரி 19

பல்கலைக்கழகத் தேர்வுகள் முடிந்தன. முப்பிடாதிக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு.

மார்ச் 11

ஜெனோவா எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. நான் ஆறாவது இடம். அம்மா, "சாப்பிட்டியா சாமி?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 16

கல்லூரியில் ஆய்வு நாள். ஜெனோவா மேடையில் பேச வேண்டும். அவள் அக்காவின் நீலப் புடவையைக் கட்டியிருந்தாள், கட்டிவிட்டது நான். "ஸ்லைடு மாத்த ஆள் வேணும். நீ உக்காரு" என்றாள். மேடை ஓரத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அரங்கில் இருநூறு பேர் இருப்பார்கள்.

படிவத்தின் பின்பக்கம் அவள் கிறுக்கியதெல்லாம்தான் ஆய்வின் உயிராகிவிட்டது. மாத்திரை எண்ணிக்கை சரியாக இருந்தும் வெளுத்திருந்த பெண்களில் பெரும்பாலோர் அதை டீயோடு விழுங்கியவர்கள். எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அவள் கேட்டதனால் தெரிந்தது. அந்தப் பெண்கள் பேசியபடியே பேசிக் காட்டினாள். முன்வரிசையில் பேராசிரியர்கள் குறிப்பெடுத்தார்கள். ஓராண்டாக ஒரே அறையில் இருக்கிறேன். இவள் இவ்வளவு பெரியவள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று தோன்றியது.

நான்காவது ஸ்லைடில் ஒரு வரி: 'பதினான்கு படிவங்கள் வீட்டுக்குச் செல்லாமலே நிரப்பப்பட்டவை எனத் தெரியவந்ததால் நீக்கப்பட்டு, அந்த வீடுகளில் தகவல் புதிதாகச் சேகரிக்கப்பட்டது.'

வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் ஒருவர் கையை உயர்த்தினார். "அது யாரு நிரப்புனது?"

"எங்க குழு சார்" என்றாள் ஜெனோவா.

"குழுன்னு சொல்றீங்க, ஆனா ஒரு பேருதானே போட்டிருக்கு? அப்ப நீங்களா?"

தமயந்தி மேம் இருக்கையில் முன்னால் நகர்ந்தார். ஜெனோவா மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை. "பொறுப்பு என்னோடது சார். வீட்டுக்குப் போனாவளான்னு நானும் கேட்டுப் பாத்திருக்கணும்" என்றாள்.

நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. நான் எழுந்து நின்றிருந்தேன்.

"நான்தான் சார். கோகிலவாணி, இரண்டாம் ஆண்டு. அவளுக்கு அதுல பங்கு இல்லை. வீடு வீடா மறுபடி கூட்டிட்டுப் போனது அவதான்."

இருநூறு முகங்களும் என் பக்கம் திரும்பியிருந்தன. நடுவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்து, "அந்தப் பதினாலு பேரும் இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"எல்லாரையும் பாத்தாச்சு சார். மூணு பேருக்கு ரத்தம் கொறைவா இருந்திச்சு, வைத்தியம் பாத்தாச்சு. ஒருத்திக்குப் பொம்பளப்பிள்ள பொறந்திருக்கு. நல்லா இருக்காவ."

அவர் தலையசைத்தார். நான் உட்காரவா நிற்கவா என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் ஜெனோவா என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் எப்போதும்போலப் பெரிதாகவே வந்தது.

"வாணி, அடுத்த ஸ்லைடு."